கண்ட சாட்சியும் கேட்ட வினாவும்

மலையில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் பத்தடி தள்ளி வருபவர் யாரென்றே தெரியாது. அவ்வேளையில் ஹட்டன் வீதியில் ஒரு முச்சக்கர வண்டி ஒருவரை மோதிவிட்டுப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கண்டவர் பொய் சொல்லாதவர். ஆனால் விசாரிப்பவர், “அந்தச் சிவப்பு வண்டி எங்கே திரும்பியது?” என்று கேட்டால், நிறம் பார்க்காதவர் நினைவிலும் வண்டி சிவப்பாகிவிடக்கூடும்.

1974இல் அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் லோஃப்டஸும் ஜோன் பாமரும் மாணவர்களுக்கு ஒரு விபத்துப் படத்தைக் காட்டினர். கார்கள் ‘மோதியபோது’ வேகம் என்ன என்று 50 பேரிடமும், ‘நொறுங்க மோதியபோது’ என்ன என்று வேறு 50 பேரிடமும் கேட்டனர். ஒரு வாரத்தின் பின், உடைந்த கண்ணாடியைக் கண்டதாக முதற்குழுவில் 7 பேரும் மற்றதில் 16 பேரும் கூறினர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை!

ஹதீஸ் கலை அறிஞர்கள் இதில் நுணுக்கமானவர்கள். அறிவிப்பாளரின் நேர்மையை ஒருபுறமும், ‘ழப்த்’ எனும் நினைவுத் துல்லியத்தை மறுபுறமும் சோதித்தனர். முதுமையில் நினைவு குழம்பியவரிடமிருந்து அதற்கு முன் கேட்டவற்றைப் பிரித்தெடுத்தனர்.

நமது நாட்டின் 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டமும், தன் சாட்சியிடம் விடையை உள்ளே வைத்துக் கேட்கும் வினாவை எதிர்த்தரப்பு ஆட்சேபிக்க இடமளிக்கிறது. குறுக்கு விசாரணையில் மட்டும் அதற்குத் தடையில்லை. எளிய தோட்டத்துச் சாட்சிகள் தடுமாறுவதும் அங்கேதான். இன்னொரு வசதியும் உண்டு. சம்பவம் நினைவில் பசுமையாக இருக்கும்போதே தாம் எழுதிய குறிப்பைச் சாட்சி மன்றில் பார்த்துக்கொள்ளலாம். கொப்பித் தாளில் எழுதியதானாலும் சரி; நேரம், தூரம், வெளிச்சம் ஆகியவற்றை, லயத்துப் பேச்சு காதில் விழுமுன் எழுதிவிட வேண்டும்.