அண்டத்தின் முடிவும் இன்றைய தர்மமும்



உலகம் ஒருநாள் அழியும் என்ற பேச்சு எல்லாக் காலத்திலும் இருந்து வருகிறது. 2012 டிசம்பர் 21-ஆம் தேதியோடு எல்லாம் முடிந்தது என்று எத்தனையோ நாடுகளில் பேசினார்கள். மறுநாள் வழக்கம்போலப் பொழுது விடிந்தது, பால்காரரும் வந்தார். இப்போது அந்தப் பேச்சு கைபேசிக்கு வந்திருக்கிறது. சூரியன் வீங்கிப் பூமியை விழுங்குவது போலவும், நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக அணைவது போலவும் படம் காட்டுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு நிழல் தாங்கலுக்கு வரும் பிள்ளைகள் கேட்கிறார்கள்: "கடைசியில் எல்லாம் இருட்டாகத்தான் போகிறது என்றால் தர்மம் செய்து என்ன? படித்து என்ன?"

இதைப் பிள்ளைப் பேச்சு என்று தள்ளிவிடக் கூடாது. துக்க வீட்டுத் திண்ணையில் பெரியவர்களும் இதையேதான் வேறு வார்த்தையில் கேட்கிறார்கள். "அதெல்லாம் நடக்காது, பயப்படாதே" என்று சொல்லி அனுப்புவதும் சரியல்ல. சூரியன் ஒருநாள் அணைவது உண்மை. அந்த உண்மையைச் சரியாகத் தெரிந்துகொண்டால் கேள்வி எங்கே இடறுகிறது என்பதும் தெரியும்.

முதலில் ஒன்றைப் பிரித்து வைக்க வேண்டும். அகிலத்திரட்டு அம்மானை சொல்லும் யுகங்கள் எட்டு. அதில் கலி என்பது மனிதர் மனத்தைப் பிடித்து ஆட்டும் மாயை. சூரியனின் எரிபொருள் தீர்வதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இரண்டையும் ஒட்டவைத்து, இன்ன ஆண்டில் இன்னது நடக்கும் என்று சொல்பவர்கள் அறிவியலையும் அறியவில்லை, ஏட்டையும் அறியவில்லை. இங்கே பேசப் போவது வானத்தின் கணக்கை மட்டும்.

கோடிக்கணக்கான ஆண்டுகளை யார் எண்ணிப் பார்த்தார்கள் என்று சிலர் கேட்பதுண்டு. அதற்குப் பதில் குமரி மாவட்டத்துக் கடற்கரையிலேயே கிடக்கிறது. மணவாளக்குறிச்சிப் பக்கத்து மணலில் மோனசைட் என்ற தாது இருக்கிறது. அதற்குள் தோரியம் இருக்கிறது. தோரியம் தானாகவே மெல்ல மெல்லச் சிதைந்து வேறு பொருளாக மாறும். ஒரு குவியல் தோரியத்தில் பாதி மாறி முடிய சுமார் 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். இது எப்போதும் ஒரே வேகத்தில் நடப்பதால் கடிகாரம் போலப் பயன்படுகிறது. பூமி உண்டாகி சுமார் 454 கோடி ஆண்டுகள். அன்று 100 பங்கு இருந்த தோரியத்தில் இன்று ஏறக்குறைய 80 பங்கு மிச்சம் இருக்கிறது. இப்படிப்பட்ட தாதுக்களையும் விண்கற்களையும் அளந்துதான் பூமிக்கு வயது சொன்னார்கள். நடந்து போகும்போது காலில் ஒட்டுகிற மணல் அது.

அண்டத்துக்கு வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள். இனி எவ்வளவு காலம்? நட்சத்திரங்கள் பிறப்பதும் எரிவதும் ஏறத்தாழ கோடி கோடி ஆண்டுகள் வரை நடக்கும் என்பது இன்றைய கணக்கு. கோடியைக் கோடியால் பெருக்கிய எண், அதாவது 1-க்குப் பின்னால் 14 சுழி. இது மனதில் நிற்காது. ஆகவே அந்த முழுக் காலத்தையும் ஒரே ஒரு வருஷமாகச் சுருக்கிப் பார்க்கலாம். சித்திரை 1-ஆம் தேதி நள்ளிரவு 12 மணிக்கு அண்டம் தொடங்கியது என்று வைத்துக்கொள்வோம். இப்போது மணி என்ன? அதே இரவு 1 மணி 12 நிமிடம்தான் ஆகிறது. முதல் கோழிகூடக் கூவவில்லை. மனித இனம் தோன்றி சுமார் 3 லட்சம் ஆண்டுகள் என்கிறார்கள். இந்தக் கணக்கில் அது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு.

இந்த வருஷத்தில் நமக்கு நெருங்கி வருவது எது என்றால், கடல் வற்றுவது. சூரியன் மெதுவாகப் பிரகாசம் கூடிக்கொண்டே போகிறது. சுமார் 100 கோடி ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு கூடும். அந்த அளவு கூடினால் பூமியின் கடல் நீர் ஆவியாகி மேலே போய், வெப்பம் மேலும் ஏறி, கொஞ்சம் கொஞ்சமாக விண்வெளிக்குள் கரைந்துவிடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த 100 கோடி ஆண்டு என்பது மேலே சொன்ன வருஷத்தில் ஐந்து நிமிடத்துக்குச் சற்று அதிகம். சூரியன் எரிபொருள் தீர்ந்து, வீங்கி, சிவந்து, புதனையும் வெள்ளியையும் விழுங்குவதற்குச் சுமார் 500 கோடி ஆண்டுகள். பூமியும் தப்புவது அரிது. அதுவும் 1 மணி 40 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மீதி வருஷம் முழுக்கச் சூரியனும் பூமியும் இல்லாமலே ஓடும்.

வீங்கிய சூரியன் பிறகு மேற்போர்வையை உதறிவிட்டு, பூமியளவுக்குச் சுருங்கிய ஒரு தணலாக நிற்கும். இதற்கு வெண்குள்ளன் என்று பெயர். அதிலிருந்து ஒரு தேக்கரண்டி அள்ள முடிந்தால் டன் கணக்கில் எடை இருக்கும். சூரியன் ஏன் இப்படி அமைதியாக முடியும், வேறு சில நட்சத்திரங்கள் ஏன் அப்படி முடிவதில்லை என்ற கேள்விக்கு வழி திறந்தவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர். 1930-ஆம் ஆண்டு ஜூலை கடைசியில் பம்பாயில் கப்பல் ஏறி மேல்படிப்புக்காக இங்கிலாந்து போனார். அப்போது வயது 19. கப்பலில் மற்றவர்கள் பொழுதைப் போக்கிக்கொண்டிருக்க, அவர் உட்கார்ந்து கணக்குப் போட்டார். வெண்குள்ளனுக்கு ஓர் எல்லை உண்டு, சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் எடை போனால் அது தன் எடையைத் தானே தாங்காது என்று கண்டார்.

இதை யாரும் உடனே ஏற்கவில்லை. 1935 ஜனவரியில் லண்டனில் அறிஞர் சபையில் அவர் எடுத்துரைத்தபோது, அன்றைய வானியல் உலகில் பெரும் பெயர் பெற்றிருந்த ஆர்தர் எடிங்டன் எழுந்து, இயற்கை இப்படி அசட்டுத்தனமாக நடக்காது என்ற பொருளில் பேசிக் கேலி செய்தார். சந்திரசேகர் சண்டைக்கு நிற்கவில்லை, கணக்கை விடவும் இல்லை. தாம் கண்டதை 1939-ல் நூலாக எழுதி வைத்துவிட்டு வேறு ஆராய்ச்சிக்குப் போனார். 1983-ல் நோபல் பரிசு வந்தது. இடையில் 48 ஆண்டுகள். பொறுமைக்கு உதாரணம் தேடுகிறவர்கள் புராணத்துக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை.

அந்தக் கணக்கு பிற்பாடு என்ன வேலை செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். இரட்டையாக இருக்கும் நட்சத்திரங்களில் ஒன்று வெண்குள்ளனாக இருந்து, மற்றதிடமிருந்து பொருளை இழுத்து அந்த எல்லையை நெருங்கினால் வெடித்துவிடும். இப்படி வெடிப்பவை ஏறக்குறைய ஒரே அளவு வெளிச்சம் தருகின்றன. தெருவிளக்கு மங்கலாகத் தெரிந்தால் அது தூரத்தில் இருக்கிறது என்று அறிவதுபோல, இந்த வெடிப்புகளை வைத்து வானத்தின் தூரங்களை அளக்கலாம். அப்படி அளந்த இரண்டு குழுக்கள் 1998-ல் ஒன்றைக் கண்டன. அண்டம் விரிகிறது என்பது 1929-லேயே எட்வின் ஹப்பிள் காட்டியது. அந்த விரிவு குறையவில்லை, வேகம் கூடுகிறது என்பது புதிது. அதற்கு 2011-ல் நோபல் பரிசு தந்தார்கள். அதே வெடிப்புகள் இன்னொன்றும் செய்திருக்கின்றன. அண்டத்தில் உள்ள இரும்பில் கணிசமான பங்கு அவற்றில் உண்டானது. நம் இரத்தத்தில் ஓடும் இரும்பு, எப்போதோ முடிந்துபோன நட்சத்திரங்களின் மிச்சம்.

விரிவின் வேகம் கூடுவதால் வரப்போவது என்ன? இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நம் பால்வெளியைப் போல எத்தனையோ நட்சத்திரத் திரள்கள் வானில் இருக்கின்றன. பக்கத்தில் உள்ள சில திரள்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மற்ற எல்லாம் விலகிக்கொண்டே போகின்றன. சுமார் 10,000 கோடி ஆண்டுகளுக்கும் மேல் ஆனபின், அந்தத் தூரத்துத் திரள்களிலிருந்து புறப்படும் வெளிச்சம் இங்கே எட்டவே எட்டாது. சித்திரை 1-ல் தொடங்கிய வருஷத்தில் இது அந்த முதல் நாள் பகலுக்குள்ளேயே நடந்துவிடும். அண்டம் தொடங்கிய காலத்து வெப்பத்தின் மிச்சமாக ஒரு பின்னணிக் கதிர் வானம் முழுக்கப் பரவியிருக்கிறது; 1965-ல் அதைக் கண்டதாக அறிவித்தார்கள். பழைய டி.வி. பெட்டியில் ஒளிபரப்பு இல்லாத நேரம் புள்ளி புள்ளியாகத் தெரியுமே, அதில் ஒரு சிறு பங்கு அந்தக் கதிர்தான். அதுவும் நீண்டு நீண்டு, கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு மங்கிவிடும்.

அதற்குப் பிறகு எங்காவது அறிவுள்ள உயிர்கள் தோன்றி வானத்தைப் பார்த்தால், தங்கள் திரள் ஒன்று மட்டுமே தெரியும், சுற்றிலும் இருட்டு. அண்டம் விரிகிறது என்றோ, அதற்குத் தொடக்கம் இருந்தது என்றோ அறிய அவர்களுக்குச் சாட்சி இருக்காது. எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும் தவறான முடிவுக்கே வருவார்கள். லாரன்ஸ் க்ராஸ், ராபர்ட் ஷெரர் என்ற இரண்டு அறிஞர்கள் 2007-ல் இதை எடுத்துக்காட்டினார்கள். ஒரு வருஷ காலத்தில், வானம் தன் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பது முதல் நாளின் சில மணி நேரம்தான். மனிதர் கண் திறந்திருப்பது அந்த நேரத்தில்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லலாம். பெரிய நட்சத்திரங்கள் முதலில் அணையும், சிறிய சிவப்பு நட்சத்திரங்கள் லட்சக்கணக்கான கோடி ஆண்டுகள் தாங்கும், அவையும் அணையும். கருந்துளைகளும் மெல்லக் கரையும் என்று 1974-ல் ஸ்டீபன் ஹாக்கிங் சொன்னார். சூரியன் அளவு எடை கொண்ட ஒன்று கரைய 1-க்குப் பின் 67 சுழி போட்ட ஆண்டுகள். அப்புறம் குளிரும் இருளும். இதுவும் முடிந்த தீர்ப்பு அல்ல. அமெரிக்காவில் அரிசோனா மலை ஒன்றில் உள்ள தொலைநோக்கியால் அளந்தவர்கள், அண்டத்தை விரிக்கும் அந்தச் சக்தி சற்றுத் தளர்வதுபோல் தெரிகிறது என்று 2024-லும் 2025-லும் அறிவித்தார்கள். அது உறுதியானால் கடைசிப் பக்கங்களைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும்.

இனி பிள்ளைகளின் கேள்விக்கு வருவோம். எல்லாம் முடியும் என்றால் தர்மம் எதற்கு?

பதியில் நடுப்பகலில் உம்பான் சோறு உண்டு போகிறவருக்கு இரவில் திரும்பப் பசிக்கும். இது உலை வைக்கிறவர்களுக்கும் தெரியும், பரிமாறுகிறவர்களுக்கும் தெரியும். அதற்காக யாரும் அடுப்பை அணைப்பதில்லை. என்றென்றைக்கும் பசிக்காமல் செய்தால்தான் சோறு சோறு என்று சொல்பவர் ஒருநாளும் அரிசி களையமாட்டார். நாலு மணி நேரம் நிற்கும் நிறைவு வீண் இல்லை என்றால், எண்பது வருஷம் நிற்கும் வாழ்க்கை மட்டும் எப்படி வீணாகும்? ஒருவர் பசி தீர்ந்தது என்பது நடந்துவிட்ட காரியம். சூரியன் அணைந்தாலும் அது நடக்காததாக ஆகாது. விழுந்து கிடப்பவரை எழுப்பும்போது, அவர் நாளை மறுபடி விழுவாரா என்று கணக்குப் பார்த்துக்கொண்டு யாரும் கை நீட்டுவதில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தூரத்து முடிவைக் காட்டி, பக்கத்துக் கேட்டை மறைப்பது எளிது. சூரியன் இந்தக் கடலுக்குக் கொடுத்திருக்கும் தவணை 100 கோடி ஆண்டு. ஆனால் தொழிற்சாலைக் காலத்துக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமில வாயுவை 420 பங்குக்கு மேல் ஏற்றியது சூரியன் அல்ல. சுமார் 250 ஆண்டுகளில் மனிதர் செய்தது. குளத்தைத் தூர்ப்பதற்கும், கழிவை ஆற்றில் விடுவதற்கும், "எப்படியும் அழியத்தான் போகிறது" என்பது சாக்காக ஆகக் கூடாது. அப்படிச் சொல்பவர் தம் வீட்டுக் கிணற்றில் யாரையும் குப்பை போட விடமாட்டார்.

படித்து என்ன என்ற கேள்விக்கும் மேலே பதில் இருக்கிறது. பிற்காலத்தில் எவராலும் அறிய முடியாத ஒன்றை இன்று ஒரு பள்ளிப் பிள்ளை அறிந்துகொள்ள முடியும். அந்தப் பிள்ளைக்குப் பணச் செலவும் இல்லை.

கார்த்திகையில் திருஏடு வாசிப்புக்கு வரும்போது, நிலவு இல்லாத நாளாகப் பார்த்து, விளக்கு வெளிச்சம் விழாத இடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகலாம். அந்த மாதத் தொடக்கத்தில் இரவு 9 மணி அளவில் வடக்கே முகம் வைத்து நிற்க வேண்டும். ஐந்து நட்சத்திரங்கள் கோணல் மாணலாக ஒரு கொக்கி வரிசை போலத் தெரியும். அதற்கு மேலே, பாதி வானத்துக்குச் சற்று உயரத்தில், பஞ்சை ஊதிவிட்டது போல ஒரு மங்கலான திட்டு இருக்கும். நேரே உற்றுப் பார்த்தால் மறையும், சற்றுப் பக்கவாட்டில் பார்த்தால் தெரியும். அது ஆண்ட்ரோமீடா திரள். அந்த வெளிச்சம் அங்கிருந்து புறப்பட்டுச் சுமார் 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன.