வலி நின்றால் பல் சரியாகிவிட்டதா?



போன மாதக் குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா கன்னத்தில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். "ஒரு மாசம் முந்தி உசுரு போற பல்வலி. கிராம்பு வச்சேன், நின்னு போச்சு. இப்ப மூஞ்சி வீங்கிடுச்சு" என்றார்.

என்ன நடந்தது? பல்லின் நடுவில் நரம்பும் ரத்தக் குழாயும் உள்ள மென்மையான சதை இருக்கிறது. சொத்தை அதைத் தொட்டால் வலிக்கும். நரம்பு செத்ததும் வலி நிற்கும். ஆனால் கிருமி வேர் வழியாக எலும்புக்குள் இறங்கிச் சீழ் பிடிக்கும்.

அக்காவை டவுன் பல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். பிடுங்காமலே வேர் சிகிச்சை செய்யலாம் என்றார் டாக்டர். இதைத்தான் 'ரூட் கேனால்' என்கிறார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, கெட்ட சதையை மெல்லிய கம்பியால் எடுத்து, வேர்க்குழாயைச் சுத்தம் செய்து அடைப்பார்கள். கடைவாய்ப் பல்லில் பெரும்பாலும் 3, 4 குழாய்கள் இருக்கும். இரண்டு மூன்று தடவை போக வேண்டி வரலாம். வலி குறைந்ததும் பாதியில் விட்டுடாதீங்க! கடைவாய்ப் பல்லுக்கு 'கேப்' போடாவிட்டால் பின்னால் உடையக்கூடும்.

முதலிலேயே கேளுங்கள்:
* பல்லைக் காப்பாற்ற முடியுமா?
* எத்தனை தடவை வரணும்?
* கேப்போடு சேர்த்து மொத்தம் எவ்வளவு?

சென்னை, புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரிகளிலும் விசாரிக்கலாம். செலவுக்குக் குழுவில் கடன் கேட்கக் கூச்சம் வேண்டாம், கந்துவட்டிக்குப் போகாதீர்கள்.

வீக்கத்தோடு காய்ச்சல், விழுங்க முடியாமை, மூச்சுத் திணறல் இருந்தால் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கூட்டத்தில் பேசுவோம்: நம் குழுவில் பல்வலியைப் பொறுத்துக்கொண்டிருப்பவர் யார்? எப்போது அழைத்துப் போகலாம்?