மீன் முட்டைக்குள் ஒரு ரிலே

எலெக்ட்ரிக்கல் மாணவனுக்கு மீன் முட்டையில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். என் அக்கா முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டு வந்தாள். "குழந்தை வேணும்னா ஒரு மாசம் முன்னாடியாவது இதை நிறுத்தணும்" என்றார் டாக்டர். ஏன் என்று தேடப்போய் ஸீப்ரா மீனில் வந்து நின்றேன்.

நம்ம லேபில் ரிலே பார்த்திருக்கிறோம். காயிலுக்குச் சின்ன கரண்ட் கொடுத்தால் பெரிய சர்க்யூட் ஆன். செல்லின் உட்கருவில் உள்ள ரெட்டினாயிக் அமில ஏற்பியும் அப்படித்தான். ஆர்.எக்ஸ்.ஆர். என்ற ஜோடியோடு டி.என்.ஏ. மேலேயே உட்கார்ந்து ஜீனை அடக்கி வைத்திருக்கும். (ஜோடி இல்லாமல் வேலை நடக்காது!) வைட்டமின் ஏ-யிலிருந்து உண்டாகும் ரெட்டினாயிக் அமிலம் வந்து ஒட்டினால் ஜீன் ஆன்.

இந்த மீன் கரு கண்ணாடி மாதிரி; உள்ளே நடப்பதெல்லாம் மைக்ராஸ்கோப்பில் தெரியும். ஏறக்குறைய ஒரே நாளில் கல்லீரல் மொட்டு விடும். ஆனால் அதற்கான ஸ்விட்ச் முதல் சில மணி நேரத்திலேயே போடப்படுகிறது. அப்போது அமிலம் உண்டாவதைத் தடுத்தால் கல்லீரல் சரியாக உருவாகாது. கூடினாலும் ஆபத்து: பக்கத்துக் கணையத்தின் செல்கள் தலைப்பக்கமாகப் பரவிவிடும்.

அக்காவின் மாத்திரையும் வைட்டமின் ஏ குடும்பம்தான். மனிதக் கருவில் அது காது, இதயம், மூளையைக் கெடுக்கும். தான் கர்ப்பம் என்றே தாய்க்குத் தெரியாத நாட்களில்!