வெள்ளைத் தட்டும் விரிகடலும்



நாம் வாழும் உலகப் பரப்பில் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது பங்கு கடலாகும். இத்துணைப் பெரிய நீர்ப்பரப்பைக் கண்காணிப்பவர் யார்? ஆராய்ச்சிக் கப்பல்கள் உள்ளன. ஆயினும் அவை சிலவே. விண்ணில் சுழலும் துணைக்கோள்கள் கடலின் நிறத்தைக் கண்டறியும். மேகம் மறைத்தால் அவற்றின் பார்வையும் தடைப்படும். இக்குறையைப் போக்கச் சொந்தப் படகு வைத்திருக்கும் பொதுமக்கள் துணைபுரிந்து வருகின்றனர்.

கலிபோர்னியாவைச் சேர்ந்த சார்ல்ஸ் மூர் என்பவர், 1997ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவு வரை நடந்த படகுப் பந்தயத்தில் கலந்துகொண்டு, தம் சொந்தப் படகில் வீடு திரும்பினார். காற்றுக் குறைவென்று மற்றவர் ஒதுக்கும் பசிபிக் கடற்பகுதி வழியே அவர் வந்தார். மேல்தளத்தில் நின்று பார்த்த போதெல்லாம் புட்டி மூடியோ பிளாஸ்டிக் துண்டோ மிதப்பதைக் கண்டார். கண்டு வருந்தியதோடு அவர் நின்றுவிடவில்லை. 1999ஆம் ஆண்டில் வலையுடன் மீண்டும் அங்குச் சென்று நீரை அரித்தெடுத்தார். வலையில் சிக்கிய பிளாஸ்டிக்கின் எடை, மிதவையுயிர்களின் எடையைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்காக இருந்தது. 2001ஆம் ஆண்டில் அம்முடிவு ஆய்விதழில் வெளிவந்தது.

மிதவையுயிர்கள் என்பவை யாவை? கடல்நீரின் மேற்பரப்பில் கண்ணுக்குப் புலப்படாத சிறு தாவரங்கள் மிதந்து வாழ்கின்றன. அவற்றை உண்டு வாழும் நுண்ணிய விலங்குகளும் உள்ளன. இவ்விருவகையும் மிதவையுயிர்களே. சிறுமீன் இவற்றை உண்ணும். பெருமீன் சிறுமீனை உண்ணும். உலகத் தாவரங்கள் வெளியிடும் பிராணவாயுவில் ஏறக்குறையப் பாதி, கடலில் மிதக்கும் இச்சிறு தாவரங்கள் தருவதேயாகும். இவை குன்றினால் கடலும் குன்றும், நாமும் குன்றுவோம்.

இவற்றின் அளவை அறிய எளிய கருவி ஒன்றுண்டு. இத்தாலி நாட்டுப் பாதிரியாரும் வானியல் அறிஞருமான ஆஞ்சலோ செக்கி, 1865ஆம் ஆண்டில் மத்தியதரைக் கடலில் அதனைச் சோதித்தார். அது 30 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு வெள்ளைத் தட்டு, அவ்வளவே. அதன் அடியில் எடையும் நடுவில் அளவு நாடாவும் கட்டி, நீரில் மெல்ல இறக்க வேண்டும். தட்டு கண்ணிலிருந்து மறையும் ஆழத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். மிதவைத் தாவரங்கள் மிகுந்திருந்தால் தட்டு விரைவில் மறையும். குறைந்திருந்தால் நெடுந்தொலைவு தெரியும். அண்டார்க்டிகாவை ஒட்டிய வெட்டல் கடலில், 1986ஆம் ஆண்டில் ஏறத்தாழ 80 மீட்டர் ஆழம் வரை தட்டு தெரிந்தது. கரையோரத்தில் சேறு கலங்குமாதலால், கரையை விட்டு விலகியே அளக்க வேண்டும்.

மிதவைத் தாவரங்கள் உலகெங்கும் குறைந்து வருகின்றன என்று 2010ஆம் ஆண்டில் கனடா நாட்டு ஆய்வாளர்கள் எழுதினர். பழைய தட்டளவுகளும் அவர்களுக்குச் சான்றாயின. வேறு சில அறிஞர் அம்முடிவை மறுத்தனர். ஐயம் தீர மேலும் அளவுகள் தேவைப்பட்டன. ஆகவே, இங்கிலாந்தின் பிளிமத் நகரத்து விஞ்ஞானி ரிச்சர்ட் கிர்பியும் அவர்தம் குழுவினரும் 2013ஆம் ஆண்டில் உலகப் படகோட்டிகளின் உதவியை நாடினர். படகோட்டி தானே தட்டைச் செய்து, ஆழத்தை அளந்து, இடத்தையும் நாளையும் சேர்த்துக் கைப்பேசிச் செயலி வழி அனுப்பலாம். பட்டமோ பெரும்பொருளோ வேண்டுவதில்லை.

மாணவர்களே! தோட்ட அலுவலகங்களில் நாள்தோறும் மழையளவைக் குறித்து வைக்கும் வழக்கத்தை உங்கள் பெற்றோர் அறிவர். ஒரு நாளின் எண் அற்பமாகத் தோன்றும். பல ஆண்டுகளின் எண்களோ மழையின் போக்கையே காட்டிவிடும். கடலுக்கும் அஃதே. ஆனால் ஒன்று: அளக்காமல் ஊகித்தெழுதிய எண், அளந்தெழுதிய எண்களின் மதிப்பையும் கெடுத்துவிடும். நம்மிடம் படகில்லை, கண்ணும் ஏடும் உண்டு. கண்டதைக் கண்டவாறே எழுதும் பழக்கத்தை இன்றே தொடங்குங்கள். கடலைக் காப்பவரிடம் உள்ள முதற்கருவி அதுவேயாகும்.