பதக்கப் பட்டியலைப் படிப்பது எப்படி?



பரீட்சை முடிவு வருகிற நாளில் வீட்டில் முதலில் கேட்கிற கேள்வி என்ன? "எத்தனை ஏ?" அவ்வளவுதான். எப்படிப் படித்தாய், எங்கே தடுமாறினாய் என்று யாரும் கேட்பதில்லை. விளையாட்டிலும் இதே கதைதான். தங்கமா, வெள்ளியா, வெண்கலமா? ஒன்றுமே இல்லையென்றால் "தோத்துட்டான்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம்.

இந்த மாதப் பாடத்துக்கு ஒரு பதக்கப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். திரங்கானு மாநிலம் டுங்குனில் 1988-ல் பிறந்த நம் நாட்டுச் சைக்கிளோட்ட வீரர் அஸிஸுல்ஹஸ்னி அவாங்கின் பட்டியல் அது. உருவத்தில் சிறியவர், வேகத்தில் பெரியவர். அதனால்தான் 'பாக்கெட் ராக்கெட்மேன்' என்ற பட்டப்பெயர்.

முதலில் போட்டியைப் புரிந்துகொள்வோம்

வெலோட்ரோம் என்பது சைக்கிளோட்டத்துக்கென்றே கட்டப்பட்ட முட்டை வடிவ ஓடுதளம். நீலாயில் இருக்கும் நம் தேசிய வெலோட்ரோமைச் சிலர் பார்த்திருப்பீர்கள். ஒரு சுற்று 250 மீட்டர். வளைவுகளில் பலகைத் தளம் சுவர்போலச் சாய்ந்து நிற்கும். அங்கே ஓடும் சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது. சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழன்றுகொண்டேதான் இருக்கும். நடுவில் காலை நிறுத்தி ஓய்வெடுக்க முடியாது.

அஸிஸுல் பெயர் வாங்கிய போட்டி கெய்ரின். ஜப்பானில் 1948-ல் பந்தயம் கட்டிப் பார்க்கும் ஓட்டமாகத் தொடங்கி, 2000-ஆம் ஆண்டில் ஒலிம்பிக்கிற்குள் வந்தது. இன்றைய விதிப்படி மொத்தம் ஆறு சுற்று. முதல் மூன்று சுற்றுக்கு 'டெர்னி' என்ற சிறிய மோட்டார் வண்டி முன்னால் போகும். வீரர்கள் அதன் பின்னால் வரிசையாக வருவார்கள். வண்டி வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, மணிக்கு 50 கிலோமீட்டர் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு விலகும். மிச்சமுள்ள மூன்று சுற்றுதான் உண்மையான சண்டை. வண்டி விலகும் முன் அதை முந்தினால் தகுதி நீக்கம். இந்த ஒரு விதியை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாடத்தின் கடைசியில் தேவைப்படும்.

இப்போது பட்டியல்

உலக வெற்றியாளர் போட்டி:
2009, போலந்து: ஸ்பிரிண்ட், வெள்ளி
2010, டென்மார்க்: கெய்ரின், வெள்ளி
2015, பிரான்ஸ்: கெய்ரின், வெண்கலம்
2016, லண்டன்: கெய்ரின், வெண்கலம்
2017, ஹாங்காங்: கெய்ரின், தங்கம்
2020, பெர்லின்: கெய்ரின், வெண்கலம்

ஒலிம்பிக்:
2016, ரியோ: கெய்ரின், வெண்கலம்
தோக்கியோ (2021-ல் நடந்தது): கெய்ரின், வெள்ளி

பார்த்தவுடன் கண் எங்கே போகிறது? 2017-க்குத்தானே? ஹாங்காங்கில் கொலம்பியாவின் ஃபாபியான் புவெர்த்தாவைப் பின்தள்ளி, உலக வெற்றியாளர் மட்டுமே அணியும் வானவில் சட்டையை அஸிஸுல் அணிந்தார். சைக்கிளோட்டத்தில் மலேசியாவுக்கு அதுதான் முதல் உலகப் பட்டம்.

சரி, இப்போது பட்டியலில் எழுதப்படாத வருடங்களைப் பாருங்கள். 2010-ல் வெள்ளி, 2017-ல் தங்கம். நடுவில் ஏழு வருடம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பதக்கமே இல்லை. 22 வயதில் தங்கத்துக்கு ஒரு படி கீழே நின்றவர், அந்தப் படியை ஏறும்போது வயது 29. இதில் நமக்கு என்ன பாடம்? "விடாமுயற்சி வெற்றி தரும்" என்று சொல்லி வகுப்பை முடித்துவிடலாம். ஆனால் அது பாதிப் பாடம்தான். தோல்வி எல்லாம் ஒரே மாதிரி இல்லை. குறைந்தது மூன்று வகை இருக்கிறது.

முதல் வகை: எதிராளி நம்மைவிடச் சிறந்தவர்

2009 போலந்தில் அஸிஸுலைப் பின்தள்ளித் தங்கம் வென்றவர் பிரான்ஸின் கிரெகரி போஜே. தோக்கியோவில் பிரிட்டனின் ஜேசன் கென்னி. அந்தத் தோக்கியோ இறுதிச் சுற்று கிடைத்தால் தேடிப் பாருங்கள். டெர்னி விலகும் நேரத்தில் முன்னால் இருந்த கென்னிக்கும் பின்னால் வந்தவருக்கும் இடையே ஓர் இடைவெளி விழுந்தது. கென்னி அதைப் பார்த்தார். மூன்று சுற்று இருக்கும்போதே பாய்ந்துவிட்டார். பின்னால் வந்தவர்கள் சுதாரிப்பதற்குள் தூரம் அதிகமாகிவிட்டது. அஸிஸுல் மற்ற எல்லாரையும் முந்தி இரண்டாவதாக வந்தார்.

இந்த மாதிரித் தோல்வியில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எதிராளி என்ன சரியாகச் செய்தார் என்று கவனித்துக் கற்றுக்கொள்வதுதான் வேலை. சாக்குச் சொன்னால் கற்பது நின்றுபோகும்.

இரண்டாம் வகை: நம் கையில் இல்லாதது

2011 பிப்ரவரி, மான்செஸ்டரில் உலகக் கிண்ணப் போட்டி. கெய்ரின் இறுதிச் சுற்றில் மோதல், வீரர்கள் சரிந்து விழுந்தார்கள். அஸிஸுல் எழுந்தார், சைக்கிளில் ஏறினார், எல்லைக்கோட்டைக் கடந்து மூன்றாவது இடத்தைப் பிடித்தார். அதன் பிறகுதான் தெரிந்தது, ஓடுதளத்தின் மரச் சிம்பு ஒன்று, ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் நீளம், அவருடைய கெண்டைக்காலை ஒரு பக்கம் துளைத்து மறு பக்கம் வந்திருந்தது. அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள்.

2022-ல் இன்னொன்று. இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்று பிறவியிலேயே தவறான இடத்திலிருந்து கிளம்புவது கண்டுபிடிக்கப்பட்டது. ஏப்ரலில் நெஞ்சைத் திறந்து அறுவை சிகிச்சை. அப்போது அவருக்கு 34 வயது. அப்படியும் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வந்து நின்றார்.

விபத்தும் நோயும் யாருடைய குற்றமும் இல்லை. "எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் நாள்தான் போகும். வைத்தியம், ஓய்வு, மெல்ல மெல்லப் பயிற்சி. இங்கே கேட்கவேண்டியது, "இனி என்ன முடியும்?"

மூன்றாம் வகை: நாமே செய்த தவறு

இதுதான் பேசுவதற்குக் கஷ்டமானது. பாரிஸில் கெய்ரின் முதல் சுற்று. டெர்னி விலகும் முன்பே அஸிஸுல் அதை முந்திவிட்டார். தகுதி நீக்கம். மறுவாய்ப்புச் சுற்றும் இல்லை. இதய அறுவை சிகிச்சையிலிருந்து மீண்டு வந்தவரின் ஒலிம்பிக் ஆட்டம் அங்கேயே முடிந்தது.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். எட்டு வருடத்துக்கு முன், ரியோ இறுதிச் சுற்றிலும் இதே சந்தேகம் எழுந்தது. கென்னியும் அஸிஸுலும் டெர்னியை முன்கூட்டியே முந்தினார்களா என்று நடுவர்கள் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். தெளிவாகத் தெரியாததால் யாரையும் நீக்கவில்லை. ஓட்டம் மறுபடி நடந்தது. கென்னிக்குத் தங்கம், அஸிஸுலுக்கு வெண்கலம். அங்கே காப்பாற்றிய அதே விதி பாரிஸில் வெளியே அனுப்பியது. விதி மாறவில்லை. முந்தியது இந்த முறை தெளிவாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

அன்றைய இரவு பார்த்தவர்களில் பலருக்கு மனம் உடைந்தது. சிலர் திட்டவும் செய்தார்கள். நாம் என்ன சொல்வது? "பாவம், மன்னித்திருக்கலாம்" என்று சொன்னால், விதிக்குள் ஓடிய மற்றவர்களுக்கு அநியாயம். "அவ்வளவுதான் இவர்" என்று சொன்னால், மேலே உள்ள எட்டு வரிக்கும் அநியாயம். தவறு தவறுதான். ஆனால் ஒரு தவறு ஒரு மனிதனின் மொத்தக் கணக்கு ஆகிவிடாது. இரண்டையும் ஒரே நேரத்தில் சொல்லப் பழகவேண்டும், மற்றவர்களைப் பற்றியும், நம்மைப் பற்றியும்.

நம்மில் பலர் இந்த மூன்றையும் குழப்பிக்கொள்கிறோம். படிக்காமல் போய்விட்டு "கேள்வி கஷ்டம்" என்கிறோம். அது மூன்றாம் வகையை இரண்டாம் வகை என்று சொல்வது. காய்ச்சலில் எழுதிய பரீட்சைக்குத் தன்னையே "முட்டாள்" என்று திட்டிக்கொள்கிற பிள்ளையும் உண்டு. அது இரண்டாம் வகையை மூன்றாம் வகையாக்குவது. முதலில் வகையைச் சரியாகப் பிரியுங்கள். மருந்து தானாகத் தெரியும்.

கலந்துரையாட

1. உங்கள் கடைசித் தோல்வி ஒன்றை எழுதுங்கள். அது எந்த வகை? ஒன்றுக்கு மேல் கலந்திருக்கிறதா?
2. முன்னால் டெர்னி போகும்போது பொறுத்திருப்பது, இடைவெளி விழுந்ததும் பாய்வது. இவற்றில் உங்களுக்கு எது கடினம்? ஏன்?
3. பாரிஸ் முடிவுக்குப் பிறகு அஸிஸுலுக்கு இரண்டு வரியில் கடிதம் எழுதுவதானால் என்ன எழுதுவீர்கள்? தவறை மறைக்கவும் கூடாது, மனத்தைப் புண்படுத்தவும் கூடாது.

வீட்டுப் பாடம்: அடுத்த முறை தம்பியோ தங்கையோ பரீட்சை முடிவோடு வரும்போது, "எத்தனை ஏ?" என்று கேட்கும் முன், "எது கஷ்டமா இருந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். என்ன பதில் வந்தது என்று அடுத்த வகுப்பில் பேசுவோம்.