நேர்காணலுக்குப் பின் ஒரு நன்றிமடல்

திருக்குறளின் 11ஆம் அதிகாரம் 'செய்ந்நன்றி அறிதல்'. அங்கு நன்றி என்னும் சொல் வாயால் கூறும் உபசாரத்தைக் குறிப்பதன்று. பிறர் செய்த நன்மையையே குறிப்பது. அந்நன்மையை அறிதலே அறம். வேலைக்கான நேர்காணலுக்குப் பின் எழுதும் நன்றிமடலுக்கும் இதுவே இலக்கணம்.

அமெரிக்காவில் வேலை நாடுவோர் நேர்காணல் முடிந்த 24 மணி நேரத்துக்குள் இத்தகைய மடல் அனுப்புவது வழக்கம். நம் நாட்டுத் தனியார் நிறுவனங்களுக்கும் மின்னஞ்சலில் அனுப்பலாம். ஆறேழு வரிகள் போதும். நேரம் ஒதுக்கியமைக்கு நன்றி, உரையாடலில் தெரிந்துகொண்ட ஒரு செய்தி, அப்பணியில் உள்ள ஆர்வம் ஆகியன இடம்பெறுக. முழுமை பெறாத விடையொன்று இருப்பின் இரண்டு வரிகளில் நிறைவு செய்யலாம். புகழுரை வேண்டா, இறைஞ்சுதலும் வேண்டா. பலருக்கும் ஒரே படியை அனுப்புவோர், பெற்ற நன்மை எதுவென அறியாதவரே ஆவர்.

அரசுப் பணிக்கான நேர்காணல் எனில் மடல் எழுதாதிருத்தலே நன்று. தேர்வாணையங்கள் செல்வாக்குத் தேடும் முயற்சியைத் தகுதியிழப்புக்கு உரியதாகக் கருதுகின்றன. நல்லெண்ண மடலும் அவ்வாறே பொருள் கொள்ளப்படலாம். அங்கு, எழும்போது நன்றி கூறி வருவதே போதும்.

மாணவர்களே, வேலை இல்லை என்று பதில் வரினும் நன்றி எழுதுங்கள். அவர்கள் அளித்த நேரம் அளித்ததே அன்றோ!