செம்புக் குழாயைத் தேர்ந்தெடுத்தல்

சுங்கை சிப்புட் வட்டார ரப்பர்த் தோட்ட லயங்களில் ஒரு காலத்தில் பொதுக்குழாயும் விறகடுப்பும்தாம் இருந்தன. அங்கிருந்து ஈப்போவின் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தோர் வீடுகளில் இன்று சுடுநீர்க் கருவியும் எரிவாயு அடுப்பும் உள்ளன. இரண்டிற்கும் செம்புக் குழாய் உதவும். ஆனால், ஒரே வகைக் குழாய் உதவாது.

அமெரிக்க முறையில் செம்புக் குழாய் கே, எல், எம் என மூன்று வகைப்படும். அரை அங்குலக் குழாயின் வெளிவிட்டம் மூன்றிலும் 15.9 மில்லிமீட்டரே. ஆதலால், பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். சுவரின் தடிப்புதான் வேறு: கே 1.24, எல் 1.02, எம் 0.71 மில்லிமீட்டர். குழாய்மீது அச்சிட்ட எழுத்தின் நிறம் முறையே பச்சை, நீலம், சிவப்பு. வீட்டுக்குள் ஓடும் நீருக்கு எம் போதும்; எரிவாயுவுக்குக் கே அல்லது எல் வேண்டும். பிரிட்டிஷ் அளவுக் குழாயோ 15 மில்லிமீட்டர். அதை அமெரிக்க இணைப்பில் செருகினால் இடைவெளி விழும்.

மூட்டும் முக்கியம். குடிநீர்க் குழாயை ஈயம் கலவாத பற்றாசால் ஒட்டலாம். அது ஏறத்தாழ 230 பாகை செல்சியசில் உருகிவிடும். சமையலறையில் தீப்பிடிக்கும்போது எரிவாயுக் குழாயின் மூட்டு அப்படி உருகினால் தீக்கு எரிவாயு ஊட்டியதாகிவிடும். எனவே, அங்கே 450 பாகைக்கு மேல் உருகும் வன்பற்றாசு தேவை. தோம்பில் வரும் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோரம் தேங்கும். எரிவாயுக் குழாய் பதிக்கும் வேலையை, 1993ஆம் ஆண்டு எரிவாயு வழங்கல் சட்டத்தின்கீழ் எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்றவரிடமே ஒப்படைக்க வேண்டும்.